எத்திராஜ் குறை சொன்ன லென்ஸ்

எத்திராஜுக்கு ஒரு பொருள் பிடித்துவிட்டால் முதலில் அதைத் திட்ட ஆரம்பித்துவிடுவான். அது அவன் பிழைப்பு. திருப்பதியில் வீடு; ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவுக்கு அவன்தான் தலைவன். இரும்புத் தகடோ, அட்டைப் பெட்டியோ, கான்டீனுக்கு வரும் புளியோ, எது வந்து இறங்கினாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சுற்றிச்சுற்றி வருவான். விற்க வந்தவன் தன் சரக்கின்மேல் தானே நம்பிக்கை இழந்து ஒரு விலைக்கு இறங்கி வரும்வரை சுளிப்பு நீங்காது. பெண் பார்க்க வந்த அன்றைக்கே காபியில் சிக்கரி தூக்கலாக இருக்கிறது என்று சொன்னானாம். அப்போதே மாப்பிள்ளைக்கு என்னைப் பிடித்துவிட்டது என்று தெரிந்துபோயிற்று என்பாள் அவன் மனைவி வசந்தா.

அவனுக்கு ஒரு பைத்தியமும் உண்டு. மரச்சட்டமும் தோல் துருத்தியுமாக, முக்காலியில் ஏற்றினால் ஆள் உயரம் நிற்கும் பழங்காலக் கேமரா ஒன்றை வைத்திருந்தான். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, நோட்டுப் புத்தக அளவு ஃபிலிம் தாளில் ஒரு காலைப்பொழுதுக்கு ஒரே ஒரு படம் எடுப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்திரகிரிப் பக்கம் பாறைகளுக்கு எதிரே அதை நிறுத்தினால், ரோடு அகலப்படுத்த அளக்க வந்திருக்கிறார்களோ என்று ஊர்க்காரர்கள் பயந்துபோய் வந்து விசாரிப்பார்கள். இல்லை, படம் எடுக்கிறேன் என்றால் நம்பமாட்டார்கள். படம் எடுக்க இவ்வளவு சாமான் எதற்கு, கையில் செல்போன் இருக்கிறதே என்று கேட்டுவிட்டு, சந்தேகத்தோடுதான் திரும்பிப் போவார்கள்.

பாறைகளை எடுத்து எடுத்து அவனுக்கு அலுத்துவிட்டது. மனித முகங்களை எடுக்க ஆசை. அதற்கு நீளமான, கனமான லென்ஸ் வேண்டும். இப்போது அப்படி யாரும் செய்வதில்லை. யாரோ வைத்திருந்து விற்பதைத்தான் தேடிப்பிடிக்க வேண்டும். இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கென்று செல்போனில் ஒரு குழு இருந்தது. அதில் யார் எந்த லென்ஸை விற்பனைக்குப் போட்டாலும் எத்திராஜின் கருத்து உடனே வந்து விழும். ஓரத்தில் பூஞ்சை மாதிரித் தெரிகிறதே, கண்ணாடிகளின் ஒட்டு விட்டுவிட்டதோ, யாரோ ஸ்பானர் போட்டுத் திருகியிருக்கிறார்களே என்று அவன் எழுதினால் அந்த லென்ஸ் அன்றோடு சரி. அவன் ஒரு லென்ஸை நல்லது என்று சொல்லி அந்தக் குழுவில் யாரும் பார்த்ததில்லை.

திருப்பதி காந்தி ரோட்டில் கேமரா பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த சலீம்தான் சித்தூர்ச் சேதியைச் சொன்னான். கிரீம்ஸ்பேட்டையில் கமலக்கண்ணன் என்று ஒருவர் ஸ்டூடியோ நடத்திவந்தார், இறந்துவிட்டார். அவருடைய மனைவியிடம் ஜெர்மன் லென்ஸ் ஒன்று பெட்டியோடு இருக்கிறது, விற்றுவிட நினைக்கிறார் என்றான். சலீமிடம் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையே எத்திராஜ் சித்தூர் பஸ் ஏறிவிட்டான்.

கீழே ஸ்டூடியோ இருந்த இடத்தைச் செல்போன் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டு மாடியில் குடியிருந்தார் தாட்சாயணி அம்மாள். பங்காருபாளையத்தில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில், வந்திறங்கும் பழங்களைத் தரம் பிரிக்கும் பிரிவு முழுவதும் அவர் பொறுப்பு. தோத்தாபுரி மாம்பழ லாரிகள் வாசலில் வரிசைகட்டி நிற்கும் காலத்தில் அவர் தலையை அசைத்தால் லாரி உள்ளே வரும், அசைக்காவிட்டால் திரும்பிப் போகும். அவர் எத்திராஜை உட்காரவைத்து, மோர் கொடுத்துவிட்டு, பச்சை வெல்வெட் போட்ட மரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

எத்திராஜ் பெட்டியைத் திறந்தான். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய லென்ஸ். முன்கண்ணாடி ஒரு தேங்காய்மூடி அகலம். டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து உள்ளே பார்த்தான். பூஞ்சையின் ஒரு நூல் இல்லை, மங்கல் இல்லை. ஒட்டியிருந்த கண்ணாடிகளின் ஓரத்தில் வானவில் நிறம் எதுவும் ஓடவில்லை. ஒட்டு அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். முன்துண்டிலும் பின்துண்டிலும் ஒரே எண் பொறித்திருந்தது; ஆரம்பத்திலிருந்தே இரண்டும் ஜோடி. லென்ஸோடு சேர்ந்த ஷட்டரை ஒரு விநாடி திறந்திருக்கும்படி திருப்பி வைத்துக் காதருகே கொண்டுபோய் அமுக்கினான். அது ஒரு விநாடி நிதானமாக முனகிவிட்டு மூடிக்கொண்டது. இவ்வளவு சுத்தமான பழைய லென்ஸை அவன் கையால் தொட்டதில்லை. உள்விளிம்பின் கறுப்பில் மட்டும் உப்புத் தூவினாற்போலச் சின்னச்சின்ன வெள்ளைப் புள்ளிகள். அது விளிம்பில் பூசிய கறுப்புச் சாயம் அங்கங்கே கண்ணாடியைவிட்டு நெகிழ்வதால் வருவது. படத்துக்கு அதனால் ஒரு கெடுதலும் கிடையாது. எத்திராஜுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆனால் வாய் திறந்துவிட்டது. அவன் உதட்டைப் பிதுக்கினான். பெருமூச்சு விட்டான். அந்த வெள்ளைப் புள்ளிகளை டார்ச் அடித்து அந்த அம்மாளுக்குக் காட்டி, இது லென்ஸுக்கு வரும் ஒரு நோய் என்றான். இன்றைக்கு விளிம்பில் இருக்கிறது, நாளைக்கு நடுவுக்கு வந்துவிடும், பக்கத்தில் வேறு லென்ஸ் இருந்தால் அதற்கும் தொற்றும் என்றான். சொல்லச்சொல்ல அவனுக்கே அந்த நோயின்மேல் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. ஷட்டரும் இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்கும் என்று சேர்த்துக்கொண்டான். இனி அந்த அம்மாள் தானே ஒரு விலைக்கு இறங்கி வருவார், தான் மனமில்லாமல் வாங்கிக்கொள்வதுபோல வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தான்.

தாட்சாயணி அம்மாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு லென்ஸைப் பெட்டியில் வைத்து மூடி, கொக்கியையும் மாட்டிவிட்டார்.

"நல்லவேள சொன்னீங்க சார்," என்றார். "நான் தெரியாம உங்க தலையில கட்டியிருப்பன். புள்ளி வுழுந்த சரக்க நான் யாருக்கும் விக்கறதில்ல."

எத்திராஜ் பதறிப்போய், பரவாயில்லை, உதிரிக்காவது ஆகும், ஏதோ ஒரு விலை போட்டு எடுத்துக்கொள்கிறேன் என்றான். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆலையில் கழித்த பழங்களைக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு தூவிவிடுவார்களாம். இல்லாவிட்டால் யாராவது பொறுக்கிக்கொண்டுபோய் ரோட்டோரம் விற்றுவிடுவார்கள். கெட்டது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகக் கூடாது என்பது அவருடைய கொள்கை. பழைய சாமான்காரன் வரும்போது உடைத்துப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, இவ்வளவு தூரம் வந்து உண்மையைச் சொன்ன மனிதர் வெறும்வயிற்றோடு போகக் கூடாது என்று களியும் கீரைக்குழம்பும் போட்டார். எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். குழம்பு நன்றாக இருந்தது. குறை எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

திருப்பதிக்குத் திரும்பியதும் நேராகச் சலீமிடம் போனான். நடந்ததைக் கேட்டு சலீம் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அண்ணன் ஒரு பொருளைத் திட்டினால் அது நல்ல பொருள் என்று திருப்பதியில் எல்லோருக்கும் தெரியும், பாவம் சித்தூர்க்காரம்மாவுக்கு எப்படித் தெரியும் என்றான். தான் போய் வாங்கிவந்து தருவதாகச் சொல்லி அங்கேயே போனும் போட்டான். மறுமுனையில் தாட்சாயணி அம்மாள், திருப்பதியிலிருந்து ரொம்ப விஷயம் தெரிந்த ஒரு சார் வந்து நோயைக் கண்டுபிடித்துவிட்டார், உங்கள் கடையிலும் எல்லாவற்றையும் ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள் என்று அவனுக்குப் புத்தி சொன்னார். போனை வைத்ததும் சலீம் சிரிப்பை நிறுத்திவிட்டு லென்ஸ் அடுக்கியிருந்த அலமாரிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

பழைய சாமான்காரன் எந்தக் கிழமை வருவானோ என்ற கவலையில் எத்திராஜுக்கு அந்த வாரம் ஆபீசில் எதிலும் மனம் ஓடவில்லை. விற்பவர்கள் கொண்டுவந்த சரக்கையெல்லாம் அவர்கள் சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டான். வந்தவர்கள் வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேமராவையும் முக்காலியையும் கட்டி எடுத்துக்கொண்டு மறுபடியும் கிரீம்ஸ்பேட்டைக்குப் போனான். பெட்டி இன்னும் உடையாமல் அலமாரிமேல் இருந்ததைக் கண்ட பிறகுதான் மூச்சு வந்தது. தான் சொன்னதெல்லாம் பொய், லென்ஸ் அப்பழுக்கில்லாதது, விலையைக் குறைப்பதற்காக அப்படிப் பேசிவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். வாழ்க்கையில் அவன் ஒரு பொருளைப் பற்றி உண்மையைச் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

தாட்சாயணி அம்மாள் அவனை ஏறிட்டுப் பார்த்தார். அவர் கண் கலங்கியதுபோல இருந்தது.

"எம்மேல எரக்கப்பட்டு இந்த மாதிரி சொல்றீங்க. ஒண்டிக்கட்டயா கீறா, நாலு காசு குடுக்கலாம்னு நெனச்சிக்கினு வந்துகிறீங்க. எனக்கு சம்பளம் வருது சார். பொய் சொல்லி எனக்கு ஒத்தாச பண்ண வேணாம்."

பொய் சொன்னபோது ஒரு கேள்விகூடக் கேட்காமல் நம்பியவர், உண்மையைச் சொன்னால் இப்படிக் கண்டுபிடித்துவிட்டாரே என்று எத்திராஜ் திகைத்துப்போனான். கடைசியில், அதே லென்ஸில் உங்களையே ஒரு படம் எடுத்துக் காட்டுகிறேன், பார்த்துவிட்டு நீங்களே முடிவுசெய்யுங்கள் என்றான். தரம் பார்ப்பது அவர் தொழில் என்பதால் அதற்குமட்டும் சம்மதித்தார்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தான். யாரும் சொல்லாமலே முகவாயைச் சற்றுத் திருப்பி, தோளை இறக்கி உட்கார்ந்தார். கணவர் சொல்லிக்கொடுத்த பழக்கம். எத்திராஜ் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தான். கேமராவின் பின்கண்ணாடியில் தலைகீழாக அந்த முகம் வந்து நின்றபோது, வெளியே வர மனமில்லாமல் கொஞ்சநேரம் அப்படியே இருந்தான். எடுத்து முடித்ததும் லென்ஸைக் கழற்றிப் பெட்டியில் வைத்து அந்த அம்மாளிடமே கொடுத்துவிட்டு வந்தான்.

வீட்டில் குளியலறையின் ஜன்னலை அடைத்துவிட்டு அவன் ஃபிலிம் கழுவுவது வசந்தாவுக்குப் பழகிப்போன தொல்லை. ஆனால் இந்த முறை பெரிதாகப் பிரின்ட் போட்டுக் காயவைத்த படத்தின் முன்னால் பேச்சில்லாமல் நின்றுகொண்டிருந்தவனைப் பார்த்து அவளுக்கே பயமாகிவிட்டது. என்ன குறை என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றான். உடம்புக்கு எதுவும் இல்லையே என்று நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். படத்தில் இமைமயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். காதோரத்துப் பூனைமுடியில் வெளிச்சம் தங்கியிருந்தது. கண்மணியில் தண்ணீர்த் தொட்டியும், அதற்கு அப்பால் வானமும் தெரிந்தன.

மூன்றாவது ஞாயிறு. தாட்சாயணி அம்மாள் படத்தை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எத்திராஜ் நாற்காலியின் நுனியில் இருந்தான்.

"நீங்க மொதல்ல சொன்னதுதான் சார் நெஜம்," என்றார் அவர். "நோய் நடுவுக்கு வந்துட்டுகீது பாருங்க."

விரல் வைத்துக் காட்டினார். கன்னத்தில் மங்கு, நெற்றியில் எப்போதோ அம்மை போட்ட குழிகள், மூக்கின் பக்கத்தில் பருத்தழும்பு. எல்லாம் புள்ளி புள்ளியாக விழுந்திருக்கிறதே, இதே லென்ஸில் என் வீட்டுக்காரர் எடுத்ததைப் பாருங்கள் என்று சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். கல்யாணமான புதிதில் எடுத்தது. முகம் பாலாடை மாதிரி வழவழவென்று இருந்தது. லென்ஸ் பொய் சொல்லாது தாட்சாயணி, நீ இப்படித்தான் இருக்கிறாய் என்று அவர் அடிக்கடி சொல்வாராம்.

எத்திராஜுக்கு விஷயம் விளங்கிவிட்டது. சும்மா இருந்தால் லென்ஸ் உடைந்துபோகும். பேசினால் செத்துப்போன மனிதர் அகப்பட்டுக்கொள்வார். பிழைப்புக்காக எத்தனையோ பேரின் சரக்கை மட்டம் தட்டியிருக்கிறான். ஒரு புருஷன் தன் பெண்டாட்டிக்கு வருஷக்கணக்கில் காப்பாற்றி வைத்திருந்த பொய்யைத் தொட அவனுக்குக் கை கூசியது. சுவர்ப்படத்தையும் கையில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில், தயங்கித் தயங்கி, பழைய நெகட்டிவ் எதுவும் இருக்கிறதா என்று கேட்டான்.

இருந்தது. உள்ளே போய், காகித உறையில் அந்தச் சுவர்ப்படத்தின் நெகட்டிவையே எடுத்துவந்தார். எத்திராஜ் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தான். கன்னத்திலும் நெற்றியிலும் பென்சில் கீற்றுகள். ஊசிமுனையால் தொட்டதுபோல அவ்வளவு மெல்லியவை, நெருக்கமானவை. ஸ்டூடியோக்காரர்கள் எல்லோரும் அந்தக் காலத்தில் இப்படித் தீட்டித்தான் தழும்புகளை மறைப்பார்கள் என்றான்.

தாட்சாயணி அம்மாள் நெகட்டிவை வாங்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டார். கீழே செல்போன் கடையில் யாரோ ஒவ்வொரு ரிங்டோனாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க முடியாமல் எத்திராஜ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"ஒண்ணு விடாம தீட்டிகிறாரு," என்றார் அவர், மெதுவாக. "அவ்ளோ கிட்ட குந்திக்கினு பாத்தாத்தான இத தீட்ட முடியும். எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லயே, உனக்கு இங்க தழும்பு கீதுன்னு."

அழுவார் என்று எத்திராஜ் பயந்தான். அவர் அழவில்லை. நெகட்டிவை உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தார். லாரிக்காரர்கள் பார்த்து நடுங்குகிற பார்வை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"அப்போ நோய்னு நீங்க சொன்னது?"

"பொய்தாம்மா. அன்னிக்கே சொன்னேனே."

"அவரு பொய் சொன்னாரு, தழும்பு மறைஞ்சிது. நீ சொன்னதுல இன்னா தம்பி மறைஞ்சிது?"

சார் தம்பியாகிவிட்டதை எத்திராஜ் கவனித்தான். கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளே போய் மோர் கொண்டுவந்து வைத்தார்.

லென்ஸ் நல்லதுதான் என்று அவர் இப்போது நம்பிவிட்டார். நம்பியதால் விற்கவும் சம்மதித்தார். ஆனால் எத்திராஜ் சொல்லும் விலைக்கு இல்லை. அவன் வாயிலிருந்து வரும் விலையில் எது நிஜம் என்று தன்னால் கண்டுபிடிக்க முடியாது என்றார். ஆகவே விஷயம் தெரிந்த நாலு பேருக்கு அவன் சொல்லட்டும், அவர்கள் ஒரு விலை சொல்லட்டும், அந்த விலையை அவனும் கொடுப்பதானால் முதல் உரிமை அவனுக்கு. நியாயமான பேச்சு. எத்திராஜ் அங்கேயே உட்கார்ந்து குழுவில் எழுதினான். பூஞ்சை இல்லை, மங்கல் இல்லை, ஒட்டு விடவில்லை, ஷட்டர் சரியாக ஓடுகிறது, விளிம்பில் உள்ள வெள்ளைப் புள்ளிகளால் எந்தக் கெடுதலும் இல்லை, நான் பார்த்ததிலேயே நல்ல லென்ஸ் இது என்று எழுதி, அந்த அம்மாளின் அனுமதியோடு அவர் படத்தையும் சேர்த்துப் போட்டான். எழுதுவதற்குள் வியர்த்துவிட்டது.

முதலில் யாரும் நம்பவில்லை. எத்திராஜின் போனை யாரோ திருடிவிட்டார்கள் என்று ஒருவர் எழுதினார். அவனுக்குப் போன் போட்டுக் குரலைக் கேட்டு உறுதிசெய்துகொண்டார்கள். அதன்பிறகு குழு கொதித்தது. எத்திராஜே நல்லது என்று சொல்லிவிட்டான் என்றால் அது எப்பேர்ப்பட்டதாக இருக்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் ஏற்றினார்கள். திருப்பதிக்குத் திரும்ப அவன் ஏறிய பஸ் வழியில் பூதலபட்டைத் தாண்டுவதற்குள் விலை அவன் எட்டக்கூடிய உயரத்தைத் தாண்டிவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் தன் விளம்பரத்தைத் திரும்பத்திரும்பப் படித்தான். அதில் மறுத்து எழுத ஒரு வரிகூட அகப்படவில்லை.

பெங்களூர் டாக்டர் ஒருவருக்கு லென்ஸ் போய்ச்சேர்ந்தது. பஞ்சும் தெர்மாகோலும் வைத்துக் கட்டிக்கொடுத்தது எத்திராஜ்தான். வேறு யாரையும் அதற்கு நம்ப முடியாது என்று தாட்சாயணி அம்மாள் கூப்பிட்டனுப்பினார்; கட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டும் இருந்தார்.

அதோடு முடிந்தது என்றுதான் அவன் நினைத்தான். பத்துப் பதினைந்து நாள் கழித்து அவரிடமிருந்து போன். பங்காருபாளையத்துக்குப் பஸ்ஸில் போய்வந்து இடுப்பு விட்டுப்போகிறது, பழைய கார் ஒன்று வாங்கப்போகிறேன், திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் பார்த்துவைத்திருக்கிறேன், குறை கண்டுபிடிக்க உன்னைப்போல ஆள் எனக்குக் கிடைக்கமாட்டான், வா தம்பி என்றார். எத்திராஜுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அங்கே பரணி என்ற இளைஞன் பழைய கார்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தான். அந்த அம்மாள் பார்த்துவைத்திருந்த சிவப்புக் காரை எத்திராஜ் சுற்றி இரண்டு முறை நடந்தான். பானெட்டைத் திறந்து மோந்து பார்த்தான். டயரை உதைத்தான். கதவை மூடிவிட்டுச் சத்தத்தைக் கேட்டான். வெகுநாள் கட்டிப்போட்ட வாய் அவிழ்ந்துகொண்டது. பெயின்ட், கிளட்ச், பம்பர், சீட்டின் தையல் என்று அவன் சொல்லிக்கொண்டு போகப்போகப் பரணியின் முகம் சுருங்கியது. இன்னும் நாலு வார்த்தை பேசினால் பாதி விலைக்கு வந்துவிடுவான் என்று எத்திராஜுக்குத் தெரிந்தது. அப்போதுதான் தாட்சாயணி அம்மாள் அவன் முழங்கையைப் பிடித்துத் தனியே இழுத்துப்போனார்.

"எங்கிட்ட மட்டும் சொல்லு. ஓடுமா?"

எத்திராஜ் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லா ஓடும்மா. அருமையான வண்டி," என்றான்.

அவர் தலையை அசைத்தார். நேராகப் பரணியிடம் போனார். "அருமையான வண்டின்னு இவரே சொல்லிட்டாரு, எனக்குப் போதும்," என்று சொல்லி, அவன் முதலில் கேட்ட விலையையே கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டார்.

எத்திராஜ் முன்சீட்டில் உட்கார்ந்தான். பெல்ட்டைப் போட்டுக்கொண்டான். தான் குறை சொன்ன பிறகும் ஒரு பொருள் கேட்ட விலைக்கே கைமாறுவதை அவன் பார்த்ததில்லை. அந்த அம்மாள் வண்டியின் கண்ணாடியைச் சரிசெய்து, ஹாரனை ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டு, ரேணிகுண்டா ரோட்டில் வண்டியைத் திருப்பினார். அது சத்தமில்லாமல் போயிற்று. பசிக்கிறது, சந்திரகிரிப் பக்கம் நல்ல ஓட்டல் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லி எத்திராஜ் வழிகாட்டினான்.